கோவளத்துப் பாறை

சென்னைக் கடற்கரை மணலால் ஆனது. மெரினாவில் தொடங்கிப் பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று தெற்கே நடந்துகொண்டே போனாலும் காலில் மிதிபடுவது மணல்தான். முட்டுக்காட்டுக் கழியைக் கடந்து கோவளத்தை அடையும்போது நிலம் தன் எலும்பைக் காட்டுகிறது. அங்கே கரை கிழக்கு நோக்கிச் சற்றே துருத்தி நிற்கிறது. அதன் முனையில் கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி கடலுக்குள் இறங்குகின்றன. ஓதம் பெருகினால் அவற்றில் பாதி மூழ்கும். வற்றினால் பாசியும் சிப்பியும் படிந்த அடிப்பகுதி வெளியே தெரியும்.

அந்தப் பாறைமேல் நின்று தூண்டில் வீசுவதற்காகத் தாம்பரத்துப் பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறார். தொழிலால் அவர் மீனவர் அல்லர். தாம்பரம் மின்தொடர்வண்டிப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு விடியுமுன் தம் பழைய மொபெட்டில் புறப்படுவார். வண்டலூர் உயிரியல் பூங்காவின் மதிலைத் தாண்டிக் கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே திரும்பினால், முன்பெல்லாம் இருபுறமும் ஏரியும் வயலுமாக இருந்தன, இப்போது அடுக்குமாடிகள். கேளம்பாக்கத்தைக் கடந்து உப்பளங்கள் தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறும். அந்த இடத்தில் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து முகத்தில் படுகிறது என்று பார்ப்பார். அன்றைய மீன்பிடிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

கோவளத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் அங்கே ஒரு துறைமுகத்தை ஏற்படுத்தினார். ஐரோப்பியரும் வந்து தங்கினர். பின்னர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். கோட்டை இடிந்துபோயிற்று, அது இருந்த இடத்தில் இன்று ஒரு விடுதி நிற்கிறது. பழைய மாதா கோவிலும் கடலோரத் தர்காவும் ஊரின் அடையாளங்களாக விளங்குகின்றன. இந்த வரலாற்றில் பெரியவருக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவருக்குப் பெருமை தந்தது பாறையின் வரலாறே.

பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருங்கல்லுக்கு நிலவியலார் இட்ட பெயர் 'சார்னோக்கைட்'. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைமேல் இருக்கும் கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலாளர் அந்த வகைக் கல்லுக்கு அம்மனிதரின் பெயரையே சூட்டினார். பிறந்த ஊரின் பெயர் இல்லாமல், போய்ச்சேர்ந்த ஊரில் புதைக்கப்பட்டவரின் பெயரால் ஒரு கல் உலகெங்கும் அறியப்படுவது விந்தைதான். அதே பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பல்லாவரத்துக் கல்லின் இனம் தெற்கே மாமல்லபுரம்வரை அங்கங்கே தலைகாட்டுகிறது. கோவளத்துப் பாறையில் கால் வைக்கும்போதெல்லாம் பெரியவர், "நம்ம ஊர்க் கல்தான் இங்கே கடல் குளிக்க வந்திருக்கு" என்பார்.

பாறையில் நின்று மீன் பிடிப்பவருக்கு முதலில் வேண்டியது ஓதக் கணக்கு. சென்னைக் கடலில் நாள்தோறும் இருமுறை நீர் ஏறும், இருமுறை இறங்கும். ஒரு பெருக்கத்திற்கும் அடுத்த பெருக்கத்திற்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆதலால் இன்று காலை ஆறு மணிக்கு ஏறிய நீர் நாளை ஆறே முக்கால் மணிக்கு மேல்தான் ஏறும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு மிகும்; அப்போதும் அது இங்கே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏறும் நீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆயினும் சாய்ந்த பாறையில் ஒரு மீட்டர் என்பது, நிற்கும் இடம் இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் உள்ள இடைவெளி. ஓதம் ஏறத் தொடங்கும்போது நண்டும் இறாலும் பாறை இடுக்குகளில் அசையும். அவற்றைத் தேடி மீன்கள் கரையை நெருங்கும். மீன் வரும் வேளையும் கால் நனையும் வேளையும் ஒன்றே என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

அடுத்தது நீரோட்டம். இதைப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், கோவளம் குப்பத்தில் பிறந்து கட்டுமரத்திலேயே வளர்ந்த நண்பர் ஒருவர். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் இக்கரையின் மீனவர் சொல்வர். கோடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போதும் பெரும்பாலும் தெண்டி ஓடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் வன்னி. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் அந்த மணலை மறித்ததால் அதற்குத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கரையைக் காக்கக் கடலுக்குள் கற்களைக் கொட்டி வளைவாக அமைக்கும் தடுப்புக்குத் தமிழ்நாட்டில் 'தூண்டில் வளைவு' என்று பெயர். யார் முதலில் அப்படி அழைத்தாரோ, அவர் கட்டாயம் கையில் தூண்டிலைப் பிடித்துப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

தூண்டில் மிகப் பழைய கருவி. திருவள்ளுவர் சூதாட்டத்தின் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளோடு ஒப்பிட்டார். அந்த முள்ளின் இரும்பைக் குறிக்க அவர் கையாண்ட சொல் 'பொன்'. உலோகம் அனைத்துக்கும் பொதுவாக வழங்கிய அச்சொல், பிற்காலத்தில் தங்கத்திற்கு மட்டும் உரியதாயிற்று. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. கடலிடம் பெற்றதைக் கடலுக்கே முன்நிறுத்தி வணங்கிய மக்கள் அவர்கள்.

பெரியவருடைய கருவிகள் எளியவை. விலையுயர்ந்த கழியும் உருளையும் அவரிடம் இல்லை. நைலான் நரம்பை ஒரு மரக்கட்டையில் சுற்றி வைத்திருப்பார். கையால் சுழற்றி வீசுவார். விரலில் நரம்பைத் தாங்கி மீனின் அசைவை அறிவார். பாறை இடுக்கில் எடை சிக்கிக்கொள்வது வாடிக்கை. ஆகவே ஈயக்குண்டுக்குப் பதிலாக ஒரு சிறு கல்லை, முதன்மை நரம்பைவிட மெல்லிய நூலால் கட்டுவார். கல் சிக்கினால் நூல் அறுந்து கல் மட்டும் கடலோடு போகும். முள்ளும் நரம்பும் மிஞ்சும். இரை பெரும்பாலும் இறால். சில நாள் கவலை மீனின் துண்டு. மணற்பக்கம் வீசினால் கிழங்கான், பாறையோரம் செப்பிலியும் களவாவும், நுரை கலையும் இடத்தில் பாறை என்னும் பெயருடைய மீன். கெளுத்தி சிக்கினால் செவுளோரத்து நச்சுமுள்ளுக்கு அஞ்சித் துணியால் பற்றிக் கழற்றுவார்.

ஆனால் பாறைக்கு வருவோர் அனைவரும் எதிர்பார்ப்பது கொடுவாவை. கழியிலும் கடலிலும் வாழும் மீன் அது. ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இயல்புடையது. எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் எல்லாம் தாய்மீன்களே. கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் ஆய்வுநிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல் இம்மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தது. இந்தியாவில் அதுவே முதல்முறை. தொட்டியில் வளர்ந்த கொடுவா இன்று சந்தைக்கு வருகிறது. பாறையில் நின்று பிடித்த கொடுவாவுக்கு உள்ள மதிப்பு வேறு. தூண்டிலில் அகப்பட்டதும் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும் அதன் வேகத்தை ஒருமுறை கண்டவர் அதை மறப்பதில்லை.

பெரியவர் இந்தப் பாறைக்குத் தனியாக வந்தவர் அல்லர். தொடக்கத்தில் பணிமனைத் தோழர் மூவர் சேர்ந்து வந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்து ஞாயிறன்று, மூவரில் ஒருவருடைய முள் கீழ்ப்பாறையில் சிக்கியது. மெல்லிய நூல் உத்தியை அப்போது அவர்கள் அறிந்திருக்கவில்லை. கடல் அமைதியாக இருந்தது, காற்றே இல்லை. அவர் முதுகைக் கடலுக்குக் காட்டியபடி கீழே இறங்கிக் குனிந்து நரம்பை விடுவித்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தனர். அவர்கள் கேட்டது அலையின் ஓசையைத்தான். திரும்பிப் பார்த்தபோது பாறை ஈரமாக இருந்தது. அங்கே ஆள் இல்லை.

குப்பத்திலிருந்து மூன்று கட்டுமரங்கள் உடனே இறங்கின. அப்போது இளைஞராக இருந்த கோவளத்து நண்பர் நீரைக் கையில் அள்ளி விட்டுப் பார்த்தார். ஒரு தென்னைமட்டையை எறிந்து அது போகும் திசையைப் பார்த்தார். "தெண்டி ஓடுது. இங்கே தேடிப் பயனில்லை. வடக்கே போகணும்" என்றார். மறுநாள் காலையில் முட்டுக்காட்டு முகத்துவாரத்திற்கு வடக்கே உடல் கரை ஒதுங்கியது. அவர் சொன்ன இடத்திலிருந்து அதிக தூரமில்லை. நீரோட்டத்தின் பெயரைப் பெரியவர் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு மீண்டும் வரத் தொடங்கினார். மூன்றாமவர் கடைசிவரை வரவில்லை. ஏன் போகிறீர்கள் என்று அவருடைய மனைவி ஒருமுறை கேட்டார். விடை கிடைக்காததால் பிறகு கேட்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவரும் மீனைக் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய அந்த அம்மையார், தாம் மட்டும் அதை ஒருநாளும் உண்ணவில்லை. இறந்தவர் நரம்பு சுற்றிவைத்திருந்த மரக்கட்டைதான் இன்றும் பெரியவர் கையில் இருப்பது.

இழப்பிற்குப் பின் கோவளத்து நண்பரிடம் அவர் கற்றுக்கொண்டது அலை எண்ணுதல். ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே நிதானமாக எண்ண வேண்டும். அருகிலுள்ள கடற்காற்று எழுப்பும் அலையாயின் ஆறு, ஏழு, எட்டு என்ற அளவில் முடிந்துவிடும். பதினைந்து, பதினெட்டு என்று எண்ணிக்கை நீண்டால் அந்த அலை வேறு எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவை நோக்கிய கடற்பரப்பில் வீசும் கடும்புயல்கள் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, பல நாள் பயணம் செய்து நம் கரைகளை அடைகின்றன. அலைகளுக்கிடையே நேரம் கூடக்கூட அவற்றின் ஆற்றல் நீரில் ஆழமாக இறங்கியிருக்கும். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு மெல்லிய ஏற்ற இறக்கமாகத் தோன்றும் அது, ஆழம் குறைந்த கரையைத் தொட்டதும் உயர்ந்து எழும். உள்ளூரில் காற்றும் இராது, மழையும் இராது. வானம் தெளிவாக இருக்கும். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். திருடனைப்போல் ஓசையின்றி வருவது என்று மீனவர் வைத்த அந்தப் பெயரையே 2012இல் யுனெஸ்கோவும் அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. இப்போது ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதைக் கணித்து முன்னெச்சரிக்கை விடுக்கிறது. அவ்வாறு எச்சரிக்கை இருந்த நாள்களில்தான், 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாறையிலிருந்து மீன் பிடிப்போர் பலர் ஆண்டுதோறும் கடலுக்குப் பலியானதால், குறிப்பிட்ட கடற்பகுதிகளில் உயிர்காப்பு உடை அணிவதைக் கட்டாயமாக்கி 2016இல் சட்டமே இயற்றினர். கோவளத்தில் சட்டமில்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது.

பெரியவருடைய பேரன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடையில் தாத்தாவோடு வரத் தொடங்கினான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருக்கும் காலம் அது. பையன் விரைவில் பழகிவிட்டான். கிழங்கான் பிடித்தான், மடவை பிடித்தான், கெளுத்தியிடம் ஒருமுறை குத்தும் வாங்கினான். அவன் மனம் முழுவதும் கொடுவாவிலேயே இருந்தது.

நான்காம் ஞாயிறன்று அது வந்தது. கிழக்கு வெளுத்துச் சிறிது நேரமே ஆகியிருந்தது. கடல் கண்ணாடியைப்போல் கிடந்தது. பையனின் விரலில் நரம்பு ஒருமுறை தட்டியது. பிறகு வெட்டி இழுத்தது. முப்பது அடி தொலைவில் நீர் பிளந்து வெள்ளியாக ஓர் உடல் மேலே எழுந்து தலையை உதறியது. "தாத்தா, கொடுவா!" என்று அவன் கத்தினான். பக்கத்துப் பாறையிலிருந்த இளைஞர் இருவரும் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டுப் பார்த்தனர்.

பெரியவர் மீனைப் பார்க்கவில்லை. அன்று வந்ததிலிருந்தே எண்ணிக்கை அவருக்கு ஒவ்வாமல் இருந்தது. முதலில் பத்து, பிறகு பன்னிரண்டு. இப்போது அவர் எண்ணியது பதினேழில் நின்றது. அதோடு, ஓதம் ஏறிக்கொண்டிருக்க வேண்டிய வேளையில் கீழ்ப்பாறையிலிருந்து நீர் இறங்கியது. வற்றத்திலும் வெளியே தெரியாத பாசிப்படுகை ஒன்று பச்சையாகத் தெரிந்தது. அவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பேரனின் கையருகே நரம்பை அறுத்தார்.

பையன் ஒரு கணம் அறுந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் அவன் தோளைப் பற்றி மேலே தள்ளினார். பக்கத்துப் பாறையில் இருந்தவர்களைப் பார்த்து, "தம்பி, மேலே ஏறுங்க, உடனே!" என்று குரல் கொடுத்தார். அவர்கள் மனமில்லாமல் ஏறினர். நால்வரும் மணலுக்கு வந்தபின் அரைமணி நேரம் கடலைப் பார்த்தபடி நின்றனர். பெரிய அலை எதுவும் வரவில்லை. ஓர் இளைஞர் வெளிப்படையாகவே சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் பையன் ஒரு சொல்லும் பேசவில்லை. உப்பளங்களைக் கடந்தபோது அவன் அழுதுகொண்டிருந்ததைப் பெரியவர் முதுகில் உணர்ந்தார். அவரும் எதையும் விளக்க முற்படவில்லை. மரக்கட்டையின் கதையைக்கூட அன்று அவர் சொல்லவில்லை. அவனுடைய பாட்டிதான் பிறகு சொன்னார். கொடுவாவை இழந்த பையனுக்கு அந்த நேரத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

அடுத்த ஞாயிறு பையன் வரமாட்டான் என்றே வீட்டில் நினைத்தனர். நாலரை மணிக்கு அவன் கேட்டருகே நின்றிருந்தான். கோவளத்தில் பழைய நண்பர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், போன ஞாயிறு பகல் பதினொரு மணியளவில் தண்ணீர் வலைக்கொட்டகைவரை ஏறியதையும், கரையில் ஏற்றிவைத்திருந்த இரண்டு ஃபைபர் படகுகள் ஒன்றோடொன்று மோதி விரிசல் விட்டதையும் சொன்னார்.

"நீங்க எத்தனை மணிக்குப் பாறைய விட்டீங்க?"

"ஆறரை இருக்கும்."

நண்பர் தலையசைத்துவிட்டு வலைக்கண்ணை முடிந்தார்.

பாறைக்கு நடக்கும்போது பையன் கேட்டான்: "தாத்தா, அந்த முள்ளு இன்னும் அது வாயிலேயே இருக்குமா?"

"இரும்புதானே. உப்புத்தண்ணியில துருப்பிடிச்சு உதிர்ந்துடும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது மீனைப் பொறுத்தது."

பாறையடியை அடைந்ததும் பெரியவர் மணலில் அமர்ந்து பையைத் திறந்தார். பையன் தூண்டிலை எடுக்கவில்லை. கடலைப் பார்த்து நின்றான். அவன் உதடுகள் அசைந்தன.

"எட்டு" என்றான்.

சிறிது நேரம் கழித்து, "ஏழு" என்றான். பிறகு மறுபடியும் எட்டு.

பெரியவர் இறாலின் ஓட்டை உரித்து முள்ளில் கோத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் எண்ணு" என்றார்.